நாடா கட்டிய டப்பாக்கள்

செய்தித்தாள் கட்டு குருவியின் தலையில் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுந்ததுதான் விழுந்தது, பெரியம்மா வராத ஞாயிறாகப் பார்த்து விழுந்திருக்கலாம்.

அடி பலமில்லை. புருவத்துக்கு மேல் ஒரு கீறல், இரண்டு சொட்டு ரத்தம். குருவிக்கு ஒன்பது வயது. அவள் அழவில்லை. நோட்டுக்கு அட்டை போடத் தாள் தேடியவள், அலமாரிக்கு மேல் கூரையைத் தொட அடுக்கியிருந்த கட்டுகளில் நடுக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மேலே இருந்த நாலு கட்டும் சரிந்தன. கூடவே ஒரு குக்கர் மூடியும், கைப்பிடி இல்லாத குடையும் வந்தன.

"பிள்ளை மண்டை பிளக்கிற வரைக்கும் சேத்து வைப்பீங்களா தம்பி?" என்றாள் பெரியம்மா, குருவியின் அப்பாவைப் பார்த்து.

"பிளக்கல பெரியம்மா. நான்தான் நடுவுல இழுத்தேன்."

"நீ வாயை மூடு. உன்கிட்ட கேக்கல."

பெரியம்மா என்பது குருவிக்கு. அவனுக்கு அவள் மனைவியின் அக்கா. பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். அறுபது கட்டிலும் அறுபது டிரங்குப் பெட்டியும் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும் அவளுக்கு. அப்படிப்பட்டவள் இந்த வீட்டில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. தையல்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. முதல் அறையில் எரிந்துபோன மின்விசிறிகள் ஏழு. கட்டிலில் பாதி குருவிக்கு, பாதி பைகளுக்கு. பைகளுக்குள் பைகள். மாவு அரைக்கும் இயந்திரத்தின் உடைந்த கூடு இரண்டு, ஒற்றைச் செருப்பு மூன்று.

"ஒத்தச் செருப்பு எதுக்கு?"

"வார் நல்லாருக்கு. வேற செருப்புக்கு மாத்தலாம்."

"மாத்தினீங்களா?"

அவன் கீழே கிடந்த குடையை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

"ஊசி போற இடத்தப் பாப்பான், உலக்கை போற இடத்தப் பாக்க மாட்டான்னு உங்க மாதிரி ஆளுக்காகத்தான் சொல்லி வச்சிருக்காங்க. எந்தங்கச்சி இருந்தப்போ இந்த வீட்டுல நடக்க இடம் இருந்துச்சு. இப்ப என்ன ஆச்சு?"

அவள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சல். நாலு நாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த எதையும் அவன் வைத்த இடத்தைவிட்டு எடுக்கவில்லை. அவ்வளவுதான் ஆச்சு.

பெரியம்மா கீறலுக்கு மருந்து போட்டாள். குருவியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு வருவேன். வீடு வீடா இருக்கணும். இல்லேன்னா பிள்ளைய எங்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். விடுதிலயே பள்ளிக்கூடம் இருக்கு. நீங்க வாரம் ஒருக்கா வந்து பாத்துக்கலாம்."

"பிள்ளை எங்கேயும் வராது."

"பேச்சு வேணாம். வீட்டைக் காட்டுங்க."

* * *

அவன் தொழில் வைண்டிங். எரிந்துபோன மோட்டாரிலும் மின்விசிறியிலும் பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. கல்லூரியில் படித்தது வேறு. கை படிந்தது இதில்.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எரிந்த சுருள் என்றாலும் எடுத்த எடுப்பில் வெட்டி எறியக் கூடாது. எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு சேர்ந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு உளி வைத்து ஒரு பக்கம் வெட்டி, சுருளை உருவி, எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதே கனக் கம்பி, அதே எண்ணிக்கை. பத்துச் சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். சுற்றி முடித்துப் பருத்தி நாடாவால் இறுக்கி, வார்னிஷில் முக்கி, வெயிலில் காய வைப்பான். எண்ணாமல் வெட்டுகிறவனைத் தொழில்காரன் என்று அவன் ஒத்துக்கொண்டதில்லை.

இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு வீட்டை ஒழிக்கப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை காலை ஒரு சாக்கு நிறைய எடுத்தான். படியிறங்குவதற்குள் குடையைத் திரும்ப வைத்தான், கம்பி நல்ல கம்பி. கதவருகில் மூடியில்லாத குப்பிகள் நாலை எடுத்து வைத்தான். மீதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரரிடம் போட்டான்.

சாயங்காலம் மறுபடி அங்கே போய் நின்றான்.

"என்னப்பா?" என்றார் பழைய இரும்புக்காரர். பெரிய தொப்பை, அதன்மேல் கண்ணாடி கட்டிய கயிறு. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குக்கர் மூடி..."

"அதுக்கு?"

"அதோட குக்கர் பரண் மேல இருக்குண்ணே. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"குக்கர் நல்லாருக்கா?"

"அடி ஓட்டை."

அவர் முட்டையை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"இங்க பாரு. இருபத்தாறு வருசமா கடை வச்சிருக்கேன். காலைல போட்டதைச் சாயங்காலம் வந்து மீட்டுக்கிட்டுப் போறவன் நீ ஒருத்தன்தான். இது என்ன அடகுக் கடையா?"

"தூக்கிப் போட மனசு வரலண்ணே."

"எனக்கும்தான் வராது. அதனாலதான் கடை போட்டேன்." கையை வேட்டியில் துடைத்தார். "ஆனா ஒண்ணு கவனி. எங்கிட்ட வர்றது எதுவும் தங்கறதில்ல. இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் லாரில போகும். தங்கிச்சுன்னா நான் எங்க உக்கார்றது?"

அவன் மூடியை வாங்கிக்கொண்டுதான் வந்தான். குருவி மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"போச்சு. திரும்பி வந்துடுச்சா?" என்றாள்.

"ம்."

"பெரியம்மா விடுதில ராத்திரி எட்டு மணிக்கு விளக்கு அணைச்சிடுவாங்களாம்பா. கதைப் புத்தகம் தலகாணிக்கு அடில இருந்தா எடுத்துக்குவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"பெரியம்மாவே சொன்னாங்க. பெருமையா."

ஒரு வாரம் இப்படியே போனது. பத்து வெளியே போனால் எட்டுத் திரும்பியது. ஏழு மின்விசிறியில் இரண்டைச் சுற்றி முடித்து உரியவரிடம் கொடுத்தான். வேறு மூன்று வந்து சேர்ந்தன.

* * *

இரண்டாவது வாரம் புதன்கிழமை மழை பிடித்தது. ஈரத்தில் வார்னிஷ் காயாது. தன் வைண்டிங் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் குருவியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். மாடிக்கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"பயப்படாதீங்க, நான்தான்," என்றாள் பெரியம்மா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் துண்டு. "தங்கச்சி குடுத்த சாவி எங்கிட்ட இருக்கே. விடுதிக்கு மூணு நாள் லீவு. உங்களால முடியாதுன்னு தெரியும். சரி, சமையல்கட்டையாச்சும் நானே பாத்துடுவோம்னு வந்தேன்."

சமையல்கட்டு பளபளத்தது. அதை மறுக்க முடியாது. நசுங்கியதும் துருவேறியதுமாக இருந்த டப்பாக்கள் ஒன்றுகூட அலமாரியில் இல்லை. எல்லாம் மூலையில் ஒரு சாக்கில். அலமாரியில் ஒரே அளவில், நீல மூடி போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடிகள் இருபத்து நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. சர்க்கரை. உப்பு. பால் பவுடர். குளுக்கோஸ். எழுத்து அச்சடித்த மாதிரி.

"இதுக்குப் பேரு வீடு," என்றாள். "உக்காருங்க, டீ போடுறேன். பால் இல்ல. பால் பவுடர் போதும்."

அவன் உட்கார்ந்தான். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டீ கொதித்தது. பெரியம்மா பவுடரை மூன்று கரண்டி போட்டுக் கலக்கினாள். கரண்டி மெதுவாகியது. இன்னும் கொஞ்சம் கலக்கினாள். கரண்டி நின்றது.

"என்ன இது?"

குருவி எட்டிப் பார்த்தாள். பாத்திரத்துக்குள் பழுப்பாக ஏதோ குமிழி விட்டு, பொத்தென்று அடங்கியது.

"பெரியம்மா, இதுல போஸ்டர் ஒட்டலாம்," என்றாள்.

"பால் பவுடர்தானே போட்டேன்?"

"அது கஞ்சிப்பொடி. அப்பா சட்டைக்குப் போடறது."

"டப்பால பால் பவுடர்னு போட்டிருந்துச்சே!"

"டப்பால என்ன வேணா போட்டிருக்கும். நாடாவைப் பாக்கணும் பெரியம்மா."

"என்ன நாடா?"

குருவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது தெரியாதா என்பது போல. "மூடில கட்டியிருக்குமே. மஞ்ச நாடான்னா வாயில போடறது. வெள்ளை நாடான்னா வாயில போடக் கூடாதது. வெள்ளைல ரெண்டு முடிச்சு இருந்தா நான் தொடவே கூடாதது. அம்மா சொல்லியிருக்காங்க."

அவனுக்கும் தெரியாது. நாடா தெரியும். அவன் கடை நாடாதான். துவைக்கும்போது சட்டைப்பையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகளை மனைவி எடுத்து வைப்பாள். வார்னிஷ் பட்டது மஞ்சள், படாதது வெள்ளை. எதையும் வீசாதவள், டப்பா மூடி கழன்றுவிடாமல் கட்டுகிறாள் என்றுதான் பதினொரு வருடம் நினைத்திருந்தான்.

"அந்த நாடாவெல்லாம் எங்க, அக்கா?"

"அழுக்கு நாடா. வெட்டிக் குப்பைல போட்டேன். குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சு."

அவன் எழுந்து அலமாரி அருகில் போனான். குளுக்கோஸ் என்று எழுதிய ஜாடியை எடுத்தான். திறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளைப் பொடி.

"இந்த டப்பா எங்க இருந்துச்சு?"

"துவைக்கிற இடத்துக்கு மேல ஆணில தொங்குச்சு. குளுக்கோஸை யாராச்சும் அங்க தொங்க விடுவாங்களா?"

"ரெண்டு முடிச்சு," என்றாள் குருவி. "கரப்பான் மருந்து."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எந்தக் கரண்டில அள்ளிப் போட்டீங்க?"

"ஒரே கரண்டிதான். எல்லாத்துக்கும்."

அவன் சர்க்கரை ஜாடியை எடுத்தான். கொண்டுபோய்க் கழிவுநீர்க் குழியில் கொட்டினான். உப்பைக் கொட்டினான். மாவைக் கொட்டினான், ஒரு மாதத்து மாவு. மிளகாய்த்தூள், பருப்பு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். ஒரு பருக்கை சோறு தட்டில் மிஞ்சினால் விரலால் ஒற்றி எடுக்கிறவன். இருபத்து நாலு ஜாடியையும் கொட்டி முடித்தபோது மேல்மூச்சு வாங்கியது. பாத்திரத்து டீயையும் விடவில்லை.

"தம்பி, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்க்கா. தப்பு உங்க மேல மட்டும் இல்ல. திங்கிற சாமான் டப்பால விஷத்தை வச்சது எங்க தப்பு. இனிமே வைக்க மாட்டோம்." மூலையிலிருந்த சாக்கைக் கவிழ்த்துக் குளுக்கோஸ் டப்பாவைத் தேடி எடுத்தான். தரையில் வைத்துக் காலால் மிதித்தான். தட்டையாகும்வரை மிதித்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. எண்ணாம வெட்டிட்டீங்க. இந்த வீட்டுல எது குப்பைன்னு இந்த வீட்டுல இருக்கிறவங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. அதுவரைக்கும் சாவி இங்க இருக்கட்டும்."

பெரியம்மா அவனையே பார்த்தாள். தங்கையின் புருஷன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. சாவியை அலமாரி விளிம்பில் வைத்தாள்.

"பேச்செல்லாம் வாய்க்கு நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாக்கிறேன்."

* * *

மறுநாள் கடை திறக்கவில்லை. அரிசி மட்டும் மூடிய தொட்டியில் தப்பியிருந்தது. புது உப்பு வாங்கி வந்து, சோறு வடித்து, முட்டை பொரித்து இருவரும் சாப்பிட்டார்கள். குருவிக்குப் பள்ளி இருந்தது. போக மாட்டேன் என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை.

"அம்மா எப்படிடா சமாளிச்சா?" என்றான். "நான்தான் எல்லாத்தையும் கொண்டு வருவேனே. நடக்க இடம் எப்படி இருந்துச்சு?"

குருவி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"அம்மா தூக்கிப் போட்டுடுவாங்க."

"எப்போ?"

"நீங்க கடைக்குப் போனப்புறம். ரப்பர் பேண்டுக்கு ஒரு டப்பா. பைக்கு ஒரு ஆணி. ஆணி நிறைஞ்சிடுச்சுன்னா, புதுசு ஒண்ணு வந்தா பழசு ஒண்ணு போகணும். எது ரொம்பக் கிழிஞ்சதுன்னு நான்தான் பாத்து எடுத்துக் குடுப்பேன். ஒருக்கா உங்க ஒத்தச் செருப்பு ஆறு போட்டோம்."

"ஆறா?"

"உங்களுக்குத் தெரியவே இல்ல."

அவனுக்குத் தெரியவே இல்லை. பதினொரு வருடம். பெண்டாட்டியும் தன்னைப் போல ஒரு துரும்பையும் விடமாட்டாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். எட்டு மாதத்தில் முதல் தடவை என்பதால் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"கள்ளி," என்றான்.

"நானுமா?"

"நீயும்தான்."

அன்றைக்கு ஆரம்பித்தார்கள். முதலில் எதையும் எடுத்துப் போடவில்லை, ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பைக்கு ஓர் ஆணி. செய்தித்தாளுக்கு முக்காலியின் அடி, முக்காலி உயரம் வரைக்கும். கம்பி, திருகாணி, வார், பிடி என்று அவன் சேர்த்த சாமான்களுக்கு ஒரே ஒரு மரப்பெட்டி. பெட்டி மூட வேண்டும், மூடவில்லையென்றால் மேலே இருப்பது போக வேண்டும். மின்விசிறி வீட்டுக்கு வரக் கூடாது, அது கடையோடு.

எடுக்க எடுக்க அவன் ஒன்றைக் கவனித்தான். நாடா கட்டிய மூட்டை எதுவும் தேவையில்லாததாக இல்லை. சுருட்டிய நூல், கிழித்துத் தைத்த கரித்துணிகள், குருவிக்குச் சின்னதாகிப்போன சட்டைகளில் வெட்டி எடுத்த பொத்தான்கள். எல்லாம் அளவாக, தன் இடத்தில் இருந்தன. வழியை அடைத்தது அத்தனையும் நாடா இல்லாதது. அவன் கொண்டுவந்து போட்டது.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எது, எங்கிருந்து வந்தது என்று குருவியிடம் சொன்னான். அவள் பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதிய பிறகு கை விட்டது. மறுபடி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எண்ணி வெட்டிய சுருள் மாதிரி.

கட்டில் முழுசாக வெளியே வந்தது வெள்ளிக்கிழமை. குருவி அதில் குறுக்கே படுத்துக் கை காலை நீட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு தானே வந்தார்.

"மூடியும் குக்கரும் ஜோடியா வந்திருக்கே. சாயங்காலம் வருவியா?"

"வர மாட்டேண்ணே."

"எழுதிக் குடு."

"எழுதியாச்சு," என்றாள் குருவி, நோட்டைக் காட்டி.

* * *

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பத்து மணிக்கு வந்தாள். கையில் புத்தம்புதிய பெரிய துணிப்பை. அதில் குருவிக்குப் பழமும் ரொட்டியும். நேராக நடந்தாள். உடம்பைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. அலமாரிக்கு மேல் கையை வைத்துத் தடவினாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

அங்கே பழைய நசுங்கிய டப்பாக்கள். துருவைத் தேய்த்துக் கழுவி, எண்ணி எடுத்த பதினாலு. எல்லாவற்றிலும் புதிதாக வார்னிஷில் முக்கிய மஞ்சள் நாடா. கரப்பான் மருந்தும் சலவைச் சோடாவும் இங்கே இல்லை, வெளியே பூட்டிய பெட்டியில். நீல மூடி ஜாடிகள் இருபத்து நாலும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சோப்பு வாசனையோடு தரையில் அடுக்கி இருந்தன.

"அதை ஏன் வைக்கல? நல்ல ஜாடிங்க."

"நல்ல ஜாடிதான்க்கா. எங்களுக்கு இது போதும்."

"வீம்பு."

"வீம்புதான்."

பெரியம்மா பால் பவுடர் என்று எழுதிய டப்பாவை எடுத்தாள். நாடாவை அவிழ்த்தாள். முகர்ந்தாள். விரலில் தொட்டு, சற்றுத் தயங்கி, நாக்கில் வைத்தாள்.

"உப்பு!"

"மஞ்ச நாடான்னா திங்கலாம்னுதான் அர்த்தம்," என்றாள் குருவி. "என்னதுன்னு எங்களைக் கேக்கணும்."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். பெரியம்மா முழுவதும் குடித்தாள். பிறகும் விடாமல் பேச்சைத் தொடங்கினாள்.

"வீடு சரிதான். ஒத்துக்கிறேன். ஆனாலும் பொம்பளப் பிள்ளை. ஒரு வருசம் எங்கிட்ட இருந்தா ஒழுங்கு கத்துக்கும்ல?"

"இந்த ஒழுங்கே குருவி எனக்குக் கத்துக் குடுத்தது," என்றான். "பிள்ளை இங்கதான் இருக்கும்க்கா. லீவுக்கு வரும். நீங்க எப்ப வேணா வாங்க. கதவைத் தட்டிட்டு வாங்க."

பெரியம்மா டம்ளரை வைத்தாள். கண்ணைத் துடைத்தாளா, நெற்றியைத் துடைத்தாளா தெரியவில்லை. எழுந்து ஜாடிகளைத் தன் துணிப்பையில் அடுக்கத் தொடங்கினாள்.

குருவி பையின் காதைப் பிடித்தாள். "பெரியம்மா, இந்தப் பை ரொம்ப நல்லாருக்கு."

"அதுக்கு?"

"பையை வச்சிட்டுப் போங்க."

"ஜாடியை எதுல கொண்டு போறதாம்?"

குருவி ஆணிக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒரு காது அறுந்து அடி நூல் விட்டிருந்த பெரிய பையை எடுத்து வந்து நீட்டினாள்.

"ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்," என்றாள்.

பெரியம்மா அவனைப் பார்த்தாள். அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு ஜாடிகளையும் அந்தக் கிழிந்த பைக்குள் போட்டு, அடியில் ஒரு கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அறுபது பெண்களின் வார்டன் மாடிப்படி இறங்கினாள். புதுப் பை ஆணியில் ஏறியது.